பதினெட்டு சொன்ன வாத்து

கோத்தகிரியில் பூபதி வீட்டு ஹீட் பம்ப் பழுதாகிவிட்டது. ஓடியது. வீடு சூடாகவில்லை.

சங்கதி அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை நான்கு மணிக்கு அந்த வீட்டுக்கு ஒரு குழந்தை வருவதாக இருந்தது. ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை. நாற்பது நாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, இப்போதுதான் இரண்டு கிலோவைத் தொட்டிருந்தது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளை படுக்கும் அறை இருபத்துநாலு டிகிரியில் நிற்க வேண்டும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. முடியாது என்றால் மலை ஏறாதீர்கள். கீழேயே வீடு பிடித்துக் கோடை வரை இருங்கள்.

மணி ஒன்று. தை மாதம். வெளியே பனிமூட்டம் தேயிலைச் செடியின் தலையை விட்டு இன்னும் எழும்பவில்லை.

அந்த மெஷினை மாட்டியவர் தாணுமாலயன். நாகர்கோவில்காரர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். சும்மா இருக்க முடியாமல் அறுபத்தொரு வயதில் சிஷ்யனாகச் சேர்ந்தார். யாரிடம்? சலோமியிடம். அவளுக்கு முப்பத்தாறு வயது. மலையில் இருக்கிற ஹீட் பம்ப் எல்லாம் அவள் கையைத்தான் நம்பி ஓடுகின்றன. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். ஊரில் சிரித்தார்கள். இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

ஹீட் பம்ப் என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளும். ஒழுங்காக ஓடினால் ஒரு பங்கு கரண்டுக்கு மூன்று பங்கு சூடு தரும். பூபதி வீட்டில் அது தாணு தன்னந்தனியாக மாட்டிய முதல் மெஷின். அது ஒன்றரைப் பங்குக்கு மேல் தரமாட்டேன் என்றது.

பன்னிரண்டு நாளாக டீச்சரிடம் சொல்லாமல் அவரே மல்லுக்கட்டினார். மானப் பிரச்சினை. இன்று காலைதான் போன் போட்டார்.

சலோமி வந்தாள். ஜீப்பை விட்டு இறங்கியதும் மெஷினைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் பிள்ளை அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“டீச்சர், மெஷின் வெளியில இருக்கு” என்றார் தாணு.

“தெரியும் சார். சத்தம் கேக்குது.”

அந்தச் சமயம் பார்த்துச் சத்தம் நின்றது.

“பார்த்தீங்களா! இதேதான். ஓட ஆரம்பிக்கும், சூடேறுறதுக்குள்ள நின்னுடும். நேத்து ஒரு நாள்ல அறுபத்தோரு தடவை. என் வயசுக்கு ஒண்ணு!”

உள்ளேயிருந்து பூபதியின் அக்கா வேலாத்தா வந்தாள். தம்பியும் தம்பி பெண்டாட்டி மைதிலியும் கோயம்புத்தூரில் கிடக்க, நாற்பது நாளாக வீட்டைக் காப்பவள் அவள்தான். உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை, காதை மூடி ஒரு மஃப்ளர்.

“ஏனுங்க டீச்சரம்மா, இந்த சார் இருவத்தாறு டிகிரிங்கறாரு. அந்த இருவத்தாறு எங்க இருக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க. கொண்டாந்து காட்டினா கொஞ்சம் குளிர் காஞ்சுக்குவேன்.”

“நடையில மாட்டின சென்சார் சொல்லுது அம்மா. நானா சொல்றேன்?”

“உங்க சென்சார் ஸ்வெட்டர் போட்டிருக்குமுங்க.”

“அப்ப உங்க வாத்து சொல்றதுதான் வேதமா?”

வாத்து என்றால் வாத்துதான். மஞ்சள் பிளாஸ்டிக். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரில் மிதக்க விட்டுச் சூடு பார்ப்பதற்கு மைதிலி பிரசவத்துக்கு முன்பே வாங்கி வைத்தது. அதன் வயிற்றில் எண் தெரியும். தொட்டிலுக்கு மேலே அலமாரியில் உட்கார்ந்திருந்தது. பதினெட்டு என்றது.

“நடையில இருபத்தாறு, ரூம்ல பதினெட்டா? எட்டு டிகிரி எங்க போச்சு? அதான் டீச்சர், சூடு ரூமுக்கு வந்து சேரலை. இந்த ரூம் யூனிட் வீக். ஃபில்டரைக் கழுவினேன். வெளியில காயிலைப் பார்த்தேன், ஐஸ் இல்லை. கேஸ் பிரஷர் பார்த்தேன், சரியா இருக்கு. போர்டையே மாத்தினேன். சென்சார்மேல சந்தேகப்பட்டு அதையும் மாத்தினேன். புதுசும் இருபத்தாறுதான் சொல்லுது. ரெண்டு பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்வாங்களா? செட்டிங்கை இருபத்தெட்டுக்கு ஏத்திப் பார்த்தேன். ஒரு நேரம் அடுப்பு, ஒரு நேரம் ஐஸ். திரும்பவும் இருபத்துநாலுக்கே இறக்கிட்டேன்.”

“வேற ஹீட்டர்?”

“கரி கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கம்பி ஹீட்டரைப் போட்டா வீடு மொத்தமும் கரண்ட் போயிடுது.”

அவர் நோட்டை நீட்டினார். பெரிய நோட்டு. மணிக்கு ஒரு வரி. மெஷின் தன் நினைவில் வைத்திருந்த பழைய எண்களைக்கூட விடாமல் இறக்கி, கிராஃப் போட்டு, சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார். கடைசிப் பக்கங்களில் கட்டம் கட்டி, ‘தேதி’, ‘செய்த வேலை’, ‘சரி செய்தவர்’ என்று தலைப்பு. சரி செய்தவர் என்ற கட்டத்தில் பதினொரு தடவை தாணுமாலயன் என்று எழுதியிருந்தது.

சலோமி கிராஃபைப் பார்த்தாள். சிவப்புக் கோடு மூன்றில் நேராகப் போய், ஓர் இடத்தில் மாடிப்படியில் விழுந்த மாதிரி ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. அங்கே விரலை வைத்தாள்.

“இது என்ன நாள் சார்?”

“டிசம்பர் ஏழு. அன்னிக்குப் பனி ஜாஸ்தி.”

“அன்னைக்குத்தானுங்க புள்ள பொறந்தான்” என்றாள் வேலாத்தா.

தாணுவுக்கு எரிச்சல் வந்தது. “அம்மா, பிள்ளை பிறந்ததுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்? கோயமுத்தூர்ல பிறந்தான்.”

“நாளைக் கேட்டாங்க, சொன்னேன். அதுக்கு ஏனுங்க பாயறீங்க?” வேலாத்தா அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சலோமி நோட்டை மூடினாள். மூடி, மடியில் வைத்துக்கொண்டாள். மணி ஒன்றேகால். அறை சூடேற இரண்டு மணி நேரமாவது வேண்டும். தாணுவுக்கு நிலைகொள்ளவில்லை.

“டீச்சர், எல்லாத்தையும் பார்த்துட்டேன். நான் பார்க்காதது எதுன்னு மட்டும் சொல்லுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்.”

“போய் நம்பரைப் பார்த்துட்டு வாங்க.”

“இப்பத்தானே சொன்னேன், இருபத்தாறு.”

“பார்த்துட்டு வாங்க சார்.”

போனார்.

ஹாலுக்கும் பிள்ளை அறைக்கும் நடுவே ஜன்னல் இல்லாத நடை. அங்கேதான் சுவரில் சென்சார். வெயில் படாத, காற்று அடிக்காத, அடுப்புக்கு எட்டாத இடமாகத் தேடி அவரே பிள்ளை பிறப்பதற்கு முன்பு மாட்டியது. பாடத்தில் சொன்ன மாதிரியே மாட்டியிருந்தார். அதற்கு நேர் கீழே, ஒரு சாணில், சுவருக்குள் ஒரு மாடம். அப்போது அது காலி. இப்போது அங்கே ஒரு பித்தளை விளக்கு எரிந்தது. வேலாத்தா வைத்தது. ஏழு மாதத்தில் பிள்ளை பிறந்துவிட்டது என்று போன் வந்த அன்று சாமியிடம் வாய்விட்டுச் சொல்லி வைத்தாள். பிள்ளை வாசல்படி தாண்டி உள்ளே வரும்வரை இந்த விளக்கு அணையாது, இந்த இடத்தை விட்டு நகராது என்று.

நடையில் பல்பு போய் ஒரு மாதம். விளக்குதான் இருக்கிறதே என்று யாரும் மாற்றவில்லை.

சென்சாரில் எண் பொடி. தாணுவின் கண் பழசு. வழக்கம்போலக் குச்சியை எடுத்துத் திரியைத் தூண்டினார். சுடர் எழுந்தது. எண் தெரிந்தது. எண்ணெய் குறைந்திருந்தது, பக்கத்தில் இருந்த கிண்ணத்திலிருந்து ஊற்றினார். பிள்ளைக்கான விளக்கு. தன்னால் அணைந்தது என்று இருக்கக் கூடாது.

“இருபத்தாறு டீச்சர். மெஷின் ஓடுது.”

“சரி. திரும்பப் போய்ப் பாருங்க.”

“என்ன டீச்சர் இது?”

“போங்க சார்.”

போனார். திரி கொஞ்சம் அடங்கியிருந்தது. தூண்டினார். இருபத்தாறரை. திரும்பி வரும்போது வெளியே மெஷின் நின்றது.

“இருபத்தாறரை. நின்னுடுச்சு.”

“நான் இங்கயிருந்தே கேட்டேன். இன்னொரு தடவை.”

தாணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எக்ஸ்சேஞ்சில் இவர் சொல்லி நாற்பது பேர் ஓடினார்கள். இந்தப் பெண் இவரை நடைக்கும் அறைக்கும் பந்தாடுகிறாள். மணி ஒன்றரை. மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டால் காரை எப்படித் திருப்புவது? குழந்தையை ஏற்றி இறக்கி விளையாடவா? பல்லைக் கடித்துக்கொண்டு நடைக்குள் போனார். குச்சியை எடுத்தார். திரியைத் தொட்டார்.

அங்கேயே நின்றுவிட்டார்.

குச்சி கையில். சுடர் கீழே. முகத்தில் அனல் அடித்தது. தலை மேலே போயிற்று. சென்சார். தலை கீழே வந்தது. விளக்கு. திரும்ப மேலே. சென்சார்.

“ஐயோ!”

அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. “என்னாச்சுங்க!” என்று வேலாத்தா கத்தினாள்.

தாணு ஓடி வந்தார். அறுபத்தொரு வயதுக்கு அது ஓட்டம்தான். “டீச்சர்! இருபத்தாறு வீட்டோட சூடு இல்லை, விளக்கோட சூடு! அது குளிர் காஞ்சுக்கிட்டுப் போதும் போதும்னு மெஷினை நிறுத்துது! சுடர் அடங்கினா ஓடுது, ஏறினா நிக்குது! சூடு எங்கயும் போகலை டீச்சர், வரவே இல்லை! அந்த வாத்து... வாத்து சரி!”

சலோமி தலையை ஆட்டினாள். சிரிக்கவில்லை.

“மணிக்கொரு தடவை நானே போய், நானே தூண்டி, நானே எண்ணெய் ஊத்தி...”

பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார். சென்சாரைக் கழற்றினார். பின்னால் வயர் சுவருக்குள் சிமென்ட் வைத்துப் பூசியிருந்தது. இழுத்தால் ஒரு விரல் நீளம்கூட வரவில்லை. அவரே பூசியது. நன்றாகத்தான் பூசியிருந்தார். அந்த வயர் குன்னூரில்தான் கிடைக்கும். போய் வரவே ஒன்றரை மணி நேரம். சென்சாரைத் திரும்ப மாட்டி, விளக்குக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தடுப்பாகப் பிடித்துப் பார்த்தார். தட்டு சூடாகி அதுவே அடுப்பாயிற்று. கை சுட்டது.

“விளக்கை அணைச்சுத்தான் ஆகணும் டீச்சர். வேலாத்தாகிட்டச் சொல்லட்டுமா?”

“சொல்லாதீங்க.”

“அப்ப நகர்த்தவாவது...”

“அதையும் சொல்லாதீங்க.”

“பிள்ளை வந்துட்டு இருக்கான் டீச்சர்!”

சலோமி எழுந்தாள். அலமாரியிலிருந்து வாத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இதை அவங்ககிட்டக் குடுங்க. மாடத்துக்கு மேல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க.”

தாணு கொடுத்தார். பேசாமல் இருப்பது அவருக்குப் பெரும்பாடு. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

வேலாத்தா வாத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். “இதை எதுக்குங்க?” என்றாள். விளக்குக்கு மேலே, சென்சாரின் பக்கத்தில் பிடித்தாள். வாத்தின் வயிற்றில் எண் ஏறியது. பத்தொன்பது. இருபத்திரண்டு. இருபத்தைந்து. இருபத்தேழு.

பிள்ளை அறைக்குப் போய்த் தொட்டிலில் வைத்தாள். எண் இறங்கியது. இருபத்திமூன்று. இருபது. பதினெட்டு. அங்கே நின்றது.

வெறும் தொட்டிலில் மஞ்சள் வாத்து. அவள் அதையே பார்த்தாள். நடையைத் திரும்பிப் பார்த்தாள். கெட்டிக்காரி. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“என்ற வெளக்குங்களா?” என்றாள்.

தாணு வாயைத் திறந்தார். சலோமி ஒரு விரலை உயர்த்தினாள். மூடிக்கொண்டார்.

“நாப்பது நாளா நானுங்களா?”

வெளியே மெஷின் ஓட ஆரம்பித்தது. நின்றது.

“அந்த எடத்தை விட்டு நகத்த மாட்டேன்னு சொன்னேனுங்க. சாமிகிட்ட. இந்த வாயால.” சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள். “ராத்திரி பகல்னு பார்க்காம எந்திரிச்சு எந்திரிச்சு எண்ணெய் ஊத்துனேன்.”

கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது.

சால்வையைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள். மஃப்ளரை எறிந்தாள்.

“நான் எனக்காகவா வேண்டுனேன்? அந்தப் புள்ளைக்குங்க. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். சார், வழிய விடுங்க. அந்த வாசக் கதவைச் சாத்துங்க!”

நடைக்குள் போனாள். இரண்டு கையாலும் விளக்கை எடுத்தாள். பித்தளை நாற்பது நாள் காய்ந்தது. சுட்டிருக்கும். முகம் சுளிக்கவில்லை. இடது கையில் தாங்கி, வலது கையைச் சுடருக்குக் குடையாகப் பிடித்து நடந்தாள்.

தாணு முன்னால் ஓடினார். ஒரு கதவைச் சாத்தினார். இன்னொன்றைச் சாத்தினார். நாற்காலியைக் காலால் தள்ளினார். “பார்த்து அம்மா, பார்த்து, தரையில வயர் கிடக்கு!”

“வயரைப் போட்டது நீங்க, கத்தறதும் நீங்களா?”

ஹால் நடுவே எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது. சுடர் குனிந்தது. நீலமாகி, ஒரு கடுகு அளவுக்குச் சுருங்கியது. வேலாத்தா நின்றாள். தாணு நின்றார். சலோமியும் நின்றாள்.

கடுகு மிளகு அளவாயிற்று. நிமிர்ந்தது. எரிந்தது.

வாசல் கதவுக்கு உள்பக்க மூலையில், காற்றுக்கு மறைவாக வைத்தாள். “வர்ற வழியிலயே எரியட்டும்” என்றாள். அப்போதுதான் கையை உதறிக்கொண்டாள்.

தாணு நடைக்கு ஓடினார். இருட்டு. ஒன்றும் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து டார்ச் அடித்தார்.

“அந்த டார்ச் எப்பவும் பையிலதான் இருக்கா சார்?” என்று சலோமி அங்கிருந்தே கேட்டாள்.

“இருக்கு டீச்சர்” என்றார். காது சிவந்தது. நல்லவேளை, இருட்டு.

“இருபத்திநாலு!” என்று கத்தினார். “இருபத்தொண்ணு! இறங்குது! பத்தொன்பது! பதினெட்டு!”

எண் இறங்குவதைப் பார்த்துக் குதித்த ஹீட் பம்ப்காரர் மலையில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வெளியே மெஷின் எழுந்தது. ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். பத்து. நிற்கவில்லை. அரை மணி நேரம் கழித்தும் நிற்கவில்லை. ஒரே சீராக, வயிறு நிறைந்த பசு அசைபோடுவதுபோல ஓடிக்கொண்டே இருந்தது. அறையில் அனல் இல்லாத ஒரு மெத்தென்ற சூடு பரவியது. தாணு வாத்தின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பத்தொன்பது.”

“தெரியுதுங்க.”

“இருபது!”

“நானும்தானுங்க பாக்கறேன்.”

இருபத்தொன்றில் வேலாத்தா ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள். இருபத்திமூன்றில் இன்னொன்றை. இருபத்துநாலில் மெஷின் தானாகவே அடங்கி, மூச்சுவிடுகிற மாதிரி மெல்ல ஓடிற்று. வாத்து அசையவில்லை. சுவரிலிருந்த சென்சாரும் இருபத்துநாலு என்றது. நாற்பது நாளில் இருவரும் ஒரே பேச்சைப் பேசியது இதுதான் முதல் தடவை.

தாணு எழுந்து அந்த நாளின் கணக்கைப் போட்டார். ஒரு பங்குக்கு மூன்றேகால். இரண்டு தடவை போட்டார். மூன்றேகால்தான். நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“உங்க முதல் மெஷின் நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க சார்” என்றாள் சலோமி. தாணு நோட்டை இறக்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

நாலு பத்துக்குக் கார் வந்தது. வேலாத்தா வாசல் விளக்கிலிருந்தே நெருப்பெடுத்து ஆரத்தி சுற்றினாள். மைதிலியின் நெஞ்சில் ஒரு துணி மூட்டை. மூட்டைக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். வாசல்படி தாண்டி உள்ளே வந்தது. தொட்டிலில் படுத்தது. ஒரு கையை வெளியே நீட்டிக் கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியை நாலு பேரும் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பூபதி ஸ்வெட்டரைக் கழற்றியபடி வந்தான். கண் கலங்கியிருந்தது.

“அக்கா காலையில போன்ல வீடு ஐஸா இருக்குன்னு சொல்லுச்சு சார். மேட்டுப்பாளையத்துல காரை நிறுத்தி அரை மணி நேரம் யோசிச்சோம். அப்புறம் சூடேறுது, வாங்கன்னு அக்காவே போன் போட்டுச்சு. யாருங்க சரி பண்ணது? நீங்களா, டீச்சரா?”

தாணு நோட்டைத் திறந்தார். தேதி எழுதினார். செய்த வேலை என்ற கட்டத்தில் ‘விளக்கு இடம் மாற்றப்பட்டது’ என்று எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்தார். மேலே வரிசையாக அவர் பெயர் பதினொரு தடவை. பேனா காகிதத்தின் மேல் நின்றது.

சலோமி ஸ்க்ரூ டிரைவர்களைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், சரி செய்தவர்ங்கிற கட்டத்துல என்ன எழுதறது?”

அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

“வேலாத்தா.”